கோல்ஃப் ஆப் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

கோல்ஃப் ஆப்பில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு ஆப் பொறுப்பே இல்லை. போனில் ஒரு செட்டிங் மாறியிருக்கும், ரவுண்டு தொடங்கும்போது தப்பான டீயை (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தை) தொட்டிருப்பீர்கள், அல்லது போன் உங்கள் பாக்கெட்டில் இல்லாமல் வேறு யார் பாக்கெட்டிலோ இருந்திருக்கும். ஞாயிறு காலை ரவுண்டு முடிந்ததும் "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கிளப்பில் என்னிடம் நீட்டப்படும் போன்களில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகள்தான் இவை. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், பணம் கேட்பது கடைசியில். வரிசையை மாற்றாதீர்கள். புது சென்சார் செட் வாங்கிப் பொருத்திய பிறகு, போனில் மைக் அனுமதி அணைந்திருந்ததுதான் காரணம் என்று தெரியவந்தால் வயிறு எரியும்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹோல்19, 18பேர்டிஸ், கோல்ஃப்ஷாட் போன்றவற்றில் பெரும்பாலும் நீங்களே திரையைத் தொட்டு ஷாட்டையும் ஸ்கோரையும் பதிவு செய்வீர்கள். ஆர்க்கோஸ், கார்மினின் சிடி10 போன்றவற்றில் கிளப்பின் (பந்தடிக்கும் மட்டையின்) கிரிப் முனையில் சென்சார் திருகியிருக்கும். ஷாட் ஸ்கோப் மாதிரியானவற்றில் வாட்ச்சும் கிரிப்பில் செருகும் டேக்குகளும் சேர்ந்து வேலை செய்யும். கீழே சென்சார் என்று வரும் இடங்களை முதல் வகைக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

## மைதானமே ஆப்பில் கிடைக்கவில்லை

பெயர் வேறு மாதிரி பதிவாகியிருக்கும். சென்னை என்று தேடினால் வராதது மெட்ராஸ் என்று தேடினால் வரலாம். ஊட்டிக்கு ஊட்டி, உதகமண்டலம், ஜிம்கானா என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் மைதானத்தில் நின்றுகொண்டு ‘அருகில் உள்ளவை’ என்று தேடுங்கள். மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலை மைதானங்களில் சிக்னல் எந்தப் பள்ளத்தில் போகும் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே அந்த மைதானம் இல்லையென்றால் ஆப் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை, கிளப்பின் ஸ்கோர்கார்டைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

## தூரம் தப்பாகக் காட்டுகிறது

எப்படித் தப்பாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

### எல்லா ஹோலிலும் பத்து சதவீதம் போலக் குறைவு

யார்டு, மீட்டர் குழப்பம். கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) 150 யார்டு என்று குறிக்கும் குச்சிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கிரீன் நடுவுக்கு 137 என்று ஆப் காட்டினால் அது மீட்டரில் பேசுகிறது. செட்டிங்ஸில் மாற்றினால் முடிந்தது. வாட்ச் இருந்தால் அதில் அலகு தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், போன் யார்டிலும் வாட்ச் மீட்டரிலும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

### ஒன்றிரண்டு ஹோலில் மட்டும் தப்பு

மேப் பழசு. கிரீனை இடம் மாற்றியிருப்பார்கள், அல்லது மழைக்காலத்தில் தற்காலிக கிரீன் போட்டிருப்பார்கள், அது ஆப்புக்குத் தெரியாது. போனில் திருத்த எதுவும் இல்லை. அந்த ஹோலுக்கு மட்டும் பை தூக்கி வரும் கேடி சொல்வதைக் கேளுங்கள், ஆப்பில் மேப் பிழை என்று ஒரு புகார் போடுங்கள். அதோடு முன், நடு, பின் என்ற மூன்று எண்களில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நீளமான கிரீனில் முன்னுக்கும் பின்னுக்கும் 30 யார்டு வித்தியாசம் சாதாரணமாக வரும், அதாவது இரண்டு மூன்று கிளப்.

### நின்ற இடத்திலேயே எண் குதிக்கிறது

142 என்கிறது, அடுத்த நொடி 155, பிறகு 149. ஆப்புக்குத் துல்லியமான லொகேஷன் கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், ஓர் ஆப்புக்கு லொகேஷன் கொடுத்தாலும் அதைத் தோராயமாக மட்டும் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. முதல் தடவை திறந்தபோது கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் எதையோ தொட்டிருப்பீர்கள். ஆப்பின் அனுமதிகளுக்குப் போய் லொகேஷனில் ‘பிரிசைஸ்’ என்பதை இயக்குங்கள். இது அணைந்திருந்தால் ஆப் சில சமயம் நீங்கள் மூன்றாவது ஹோலில் நிற்கும்போது பதினொன்றாவது ஹோலைத் திறந்துவைக்கும்.

அது சரியாக இருந்தும் குதித்தால், முதல் டீக்கு வந்த பிறகு அவசரமாக ஆப்பைத் திறக்கும் பழக்கத்தை விடுங்கள். பட்டிங் கிரீனில் இருக்கும்போதே திறந்துவைத்தால் ஜிபிஎஸ் நிதானமாகச் செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொள்ளும். திறந்த வானத்தின் கீழ் நல்ல போனே ஐந்து மீட்டர் வரை பிசகும் என்பதையும் மனதில் வையுங்கள். தூரம் அளக்கும் லேசர் கருவி காட்டும் எண்ணோடு யார்டு யார்டாக ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, அதுவும் அடர்ந்த மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

### தூரம் சரி, ஆனால் மேப் வேறு திசையில் திரும்பி நிற்கிறது

அது திசைகாட்டியின் வேலை. காந்தம் வைத்த போன் கவரைக் கழற்றிவிட்டு, போனை எட்டு போடுவது போலக் காற்றில் சுழற்றுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

### மேடு பள்ளமான ஹோலில் மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை

ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்த்துச் சொல்லும் வசதி இயங்குகிறது. நண்பர்களோடு ஆடும்போது பரவாயில்லை. போட்டியில் இது ஆபத்து. தூரம் அளக்கும் கருவிகளை கோல்ஃப் விதிகள் 2019 முதல் பொதுவாக அனுமதிக்கின்றன, ஆனால் உயர வித்தியாசத்தை அளப்பதையும், பந்து கிடக்கும் இடத்தை வைத்து எந்த கிளப் எடுக்கலாம் என்று சொல்லித்தருவதையும் விதி 4.3 அனுமதிப்பதில்லை. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் முதல் முறை மீறினால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், இரண்டாம் முறை மீறினால் ஆட்டத்திலிருந்து வெளியே. போட்டி முறை என்ற பொத்தான் பல ஆப்களில் இருக்கிறது, டீ ஆஃப் செய்வதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள். தூரம் அளக்கும் கருவியே கூடாது என்று அந்தப் போட்டிக்குத் தனி விதி போட்டிருக்கிறார்களா என்று நோட்டீஸ் போர்டிலும் ஒரு கண் வையுங்கள்.

### எப்போது கடைக்குப் போவது

வெட்ட வெளியில் நின்று கூகுள் மேப்ஸைத் திறங்கள். அங்கும் நீலப் புள்ளி அலைந்தால் கோளாறு போனில்தான். பின்பக்கக் கண்ணாடியையோ திரையையோ சமீபத்தில் மாற்றியிருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள், ஆன்டெனா இணைப்பு சரியாக உட்காராமல் இருக்கலாம். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். கோல்ஃப் ஆப்பை மாற்றிப் பார்ப்பதால் இது தீராது.

## பாதி ரவுண்டில் பதிவு நின்றுவிடுகிறது

இதுதான் என்னிடம் அதிகம் வரும் புகார். ஆறாவது ஹோல் வரை அழகாக இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது, பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஆப் முதலிலிருந்து திறக்கும்.

போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும், பின்னால் ஓடும் ஆப்களைக் கொன்று பேட்டரியை மிச்சம் பிடிப்பதில் ஆண்ட்ராய்டு போன்கள் சில அளவுக்கு மீறி அக்கறை காட்டும். ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடியுங்கள், ‘ஆப் இன்ஃபோ’வுக்குள் போய் பேட்டரி என்ற இடத்தில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். சில போன்களில் இது போதாது. ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் போட வேண்டும். சமீபத்தில் திறந்த ஆப்களின் வரிசையில் கோல்ஃப் ஆப்பின் மேல் பூட்டுப் படம் போட முடிந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: போனுக்குப் பெரிய அப்டேட் வந்த பிறகு இந்த செட்டிங்குகள் சத்தமில்லாமல் பழைய நிலைக்குப் போயிருக்கக்கூடும். "ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்பதான் இப்படி" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அப்டேட் போட்டீர்களா என்பதுதான்.

ஐபோனில் பார்க்க வேண்டியவை வேறு. மஞ்சள் பேட்டரி ஐகான் தெரிந்தால் லோ பவர் மோடு இயங்குகிறது, அதை அணையுங்கள். லொகேஷன் அனுமதி ‘ஒருமுறை மட்டும்’ என்று இருக்கக்கூடாது. அப்புறம், ஆப்களை மேலே தள்ளித் தள்ளி மூடும் கைப்பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அப்படித் தள்ளினால் ரவுண்டும் சேர்ந்தே போகும்.

நடுவில் வாட்ஸ்அப் வீடியோ கால் பேசியிருந்தாலோ, நண்பரின் டீ ஷாட்டை ஸ்லோமோஷனில் எடுத்திருந்தாலோ, மெமரி குறைந்த போன் இடம் போதாமல் கோல்ஃப் ஆப்பை வெளியேற்றியிருக்கும். இதற்கு செட்டிங் எதுவும் உதவாது, வீடியோ எடுப்பதை மற்றவரின் போனுக்கு விட்டுவிடுங்கள்.

மாற்றியது வேலை செய்கிறதா என்று தெரிய அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். டிரைவிங் ரேஞ்சுக்குப் போகும் அன்று ரவுண்டைத் தொடங்கி, திரையை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ரவுண்டு அப்படியே உயிரோடு இருந்தால் சரி.

### வெயில் காலத்தில் மட்டும் நிற்கிறது

சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் ஐபோனுக்கு உகந்தது என்று ஆப்பிளே சொல்கிறது. மே மாதச் சென்னையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அதை நெருங்கிவிடும், பக்கியின் (கோல்ஃப் வண்டியின்) முன்தட்டில் வெயில் படும்படி வைத்தால் சொல்லவே வேண்டாம். முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் சூடாகிவிட்டது என்ற அறிவிப்போடு எல்லாமே நிற்கும். நிழலில் வையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பவர் பேங்கில் மாட்டிக்கொண்டே ஆடாதீர்கள், அதுவே சூட்டை ஏற்றும். ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொண்டால் போன் போய்விடும்.

நூறு சதவீதத்தில் கிளம்பி ஒன்பது ஹோலுக்குள் இருபதுக்கு வந்துவிட்டால் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேட்டரியை மாற்றுவதுதான் வழி. புது போனைவிட அது எவ்வளவோ மலிவு.

## ஷாட் விட்டுப்போகிறது, அல்லது அடிக்காத ஷாட் பதிவாகிறது

சென்சார் வைத்திருப்பவர்களின் தலைவலி. கிரிப் முனையில் இருக்கும் சென்சார் பையின் இருட்டில் தூங்கும், கிளப்பை வெளியே எடுத்து வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொள்ளும். ஆர்க்கோஸ் போன்றவை போனின் மைக் வழியாகப் பந்தில் பட்ட சத்தத்தையும் கேட்டு, அந்த நொடியில் போன் இருக்கும் இடத்தை ஷாட் அடித்த இடமாகக் குறித்துக்கொள்ளும். போன் இருக்கும் இடம் என்பதைக் கவனியுங்கள்.

### ஷாட்கள் இருக்கின்றன, இடம்தான் விசித்திரமாக இருக்கிறது

போன் கேடியிடம் இருந்திருக்கிறது. நம்மூரில் பாக்கெட்டில் கனமாக இருக்கிறது என்று போனைக் கேடியிடம் கொடுத்துவிட்டு ஆடுவது சர்வசாதாரணம். அவரோ நீங்கள் அடிப்பதற்கு முன்பே பந்து விழும் இடத்தைப் பார்க்க முன்னால் போய் மரத்தடியில் நின்றுகொள்வார். ரவுண்டு முடிந்ததும் மேப்பை விரித்துப் பாருங்கள். ஃபேர்வேயின் நடுவிலிருந்து நீங்கள் அடித்த ஷாட்கள் எல்லாம் வலப்பக்க ரஃப் ஓரமாகவே, ஒரே கோட்டில், அறுபது எழுபது யார்டு முன்னாலிருந்து கிளம்பியதாகத் தெரிந்தால், அது உங்கள் ஆட்டத்தின் மேப் அல்ல, அவர் நடந்த பாதை. சத்தமும் அவ்வளவு தூரம் சரியாகக் கேட்காததால் பாதி ஷாட் விட்டும் போயிருக்கும். அனுபவமுள்ள கேடி ஒருவர் இப்போதெல்லாம் போனை நீட்டினாலே வாங்குவதில்லை. "வேணாம் சார், உங்ககிட்டயே இருக்கட்டும், அப்புறம் என் ஸ்கோரத்தான் அது சொல்லும்" என்கிறார்.

பைக்குள் வைத்தாலும் பக்கியில் வைத்தாலும் இதே கதைதான். வலக்கைக்காரர் என்றால் இடது முன் பாக்கெட், இடக்கைக்காரர் என்றால் வலது முன் பாக்கெட். சாவி, சில்லறை, டீ குச்சி எல்லாம் வேறு பாக்கெட்டுக்குப் போகட்டும். பாக்கெட்டில் போன் பிடிக்கவே பிடிக்காது என்றால் இடுப்பில் மாட்டும் சிறு கருவியோ வாட்ச்சோதான் வழி, அதற்குத் தனிச் செலவு.

### ஷாட்கள் மொத்தமாகவே வரவில்லை

மைக் அனுமதி, ப்ளூடூத், லொகேஷன் மூன்றையும் பாருங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் ‘நியர்பை டிவைசஸ்’ என்று நான்காவது அனுமதி ஒன்று உண்டு, அது இல்லையென்றால் சென்சாரைப் போன் தேடவே தேடாது. காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டியிருந்தால் மைக் அங்கே போயிருக்கலாம், கழற்றிவிட்டு ஓர் ஹோல் ஆடிப் பாருங்கள்.

### முதல் ஒன்றிரண்டு ஹோலில் மட்டும் விட்டுப்போகிறது

விடியற்காலை ஆட்டக்காரர்களுக்கு வருவது. இருட்டு முழுதாக விலகாத நேரத்தில் சென்சார் விழிக்காமல் இருக்கலாம். அந்த ஷாட்களைக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள், சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

### அடிக்காத ஷாட் வருகிறது

ஒத்திகை ஸ்விங்கில் கிளப் தரையில் பட்டிருக்கும். அல்லது நீங்கள் கிளப்போடு தயாராக நின்றபோது பக்கத்து டீயில் யாரோ டிரைவரால் விளாசியிருப்பார்கள். கிரீன் ஓரத்தில் வெட்ஜையும் பட்டரையும் ஒன்றாக எடுத்துப்போய் ஒன்றைப் புல்லில் போட்டுவைத்தால், வெளிச்சத்தில் கிடக்கும் அதுவும் விழித்தே இருக்கும். இவற்றை முழுதாகத் தடுக்க முடியாது. அடுத்த டீயில் காத்திருக்கும்போது முந்தைய ஹோலைப் பார்த்துத் திருத்திவிடுவதே சுலபம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் ஏழாவது ஹோலில் எத்தனை பட் போட்டோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஆறு அங்குல பட்டை சென்சார் தவறவிடுவதும், ‘எடுத்துக்கோ’ என்று மற்றவர் விட்டுக்கொடுத்த பட் கணக்கில் வராததும் இதே ரகம்.

### 7 அயர்ன் அடித்தால் 9 அயர்ன் என்கிறது

கிரிப் மாற்றக் கொடுத்தீர்களா? கடையில் சென்சார்களைக் கழற்றி, முடிந்ததும் கைக்கு வந்த வரிசையில் திருகியிருப்பார்கள். ஒவ்வொரு கிளப்பாக எடுத்து ஆப் என்ன பெயர் சொல்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை கொடுப்பதற்கு முன் சென்சாரில் ஸ்டிக்கர் ஒட்டி எண்ணை எழுதிவிடுங்கள்.

### ஒரே ஒரு கிளப் மட்டும் வேலை செய்யவில்லை

நன்றாகத் திருகியிருக்கிறதா என்று பார்த்து, நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். பொத்தான் பேட்டரி போடும் பழைய மாடல் என்றால் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் அந்தச் சென்சாரை, வேலை செய்யும் இன்னொரு கிளப்பில் திருகிப் பாருங்கள், அங்கும் வரவில்லையென்றால் சென்சார் செத்துவிட்டது. வாரன்டி இருந்தால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தனியாக ஒன்று கிடைக்குமா என்று கேட்காமல் முழு செட் வாங்கிவிடாதீர்கள்.

## கிளப்பின் சராசரி தூரம் நம்பும்படி இல்லை

திடீரென்று கூடியிருந்தால், மலைக்குப் போனீர்களா? ஊட்டி மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல். காற்று மெல்லியதாக இருப்பதால் பந்து ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். சென்னையில் 150 அடிப்பவருக்கு அங்கே 162. கொடைக்கானலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு வாரம் அங்கே ஆடிவிட்டுச் சென்னை திரும்பினால், ஆப் உங்களை 8 அயர்ன் எடுக்கச் சொல்லும், பந்து முன்னால் இருக்கும் பங்கரில் விழும். அந்த ரவுண்டுகளைச் சராசரியிலிருந்து விலக்கி வைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் காய்ந்த ஃபேர்வேயில் பந்து உருண்டு ஓடுவதும் டிரைவர் கணக்கைக் கூட்டும், அது உங்கள் ஸ்விங் தந்த தூரம் அல்ல.

குறைந்திருந்தால், 7 அயர்னால் கிரீன் ஓரத்தில் உருட்டிவிட்ட சிப் ஷாட்கள் எல்லாம் முழு ஷாட்டாகச் சேர்ந்திருக்கும். தண்ணீரில் போட்டுவிட்டு டிராப் எடுத்த இடங்களையும் பாருங்கள். பெனால்டி என்று குறிக்காவிட்டால், பந்து டிராப் செய்த இடம் வரைதான் போனது என்று ஆப் எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சுத்தம் செய்த பிறகும் எல்லா கிளப்பிலும் தூரம் குறைந்தே இருக்கிறதென்றால், பேச வேண்டியது கிளப்பின் கோச்சிடம். ஆப் சரியாகத்தான் சொல்கிறது.

## ஸ்கோர், கார்டோடு ஒத்துப்போகவில்லை

மொத்தத்தை வைத்துக்கொண்டு வாதாடாமல் ஹோல் ஹோலாக ஒப்பிடுங்கள். ஒரு ஸ்ட்ரோக் கூடுதல் என்றால் பெரும்பாலும் பெனால்டி இருமுறை சேர்ந்திருக்கும்: ஸ்கோரில் சேர்த்தே 6 என்று போட்டுவிட்டு, பெனால்டி கட்டத்திலும் 1 என்று போட்டிருப்பீர்கள். குறைவு என்றால் விட்டுப்போன சின்ன பட்.

ஸ்டேபிள்ஃபோர்டு (ஹோலுக்கு ஹோல் புள்ளி சேர்க்கும் ஆட்டமுறை) புள்ளி மட்டும் ஒன்றிரண்டு வித்தியாசப்பட்டால், ஸ்கோரை விட்டுவிட்டு ஹேண்டிகேப் அலவன்ஸை, அதாவது உங்கள் ஹேண்டிகேப்பில் (திறமைக்கேற்பக் கிடைக்கும் ஸ்ட்ரோக் சலுகையில்) எத்தனை சதவீதம் ஆட்டத்துக்கு எடுக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு உலக ஹேண்டிகேப் முறை பரிந்துரைப்பது 95 சதவீதம். கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்துக்கும் டீக்கும் ஏற்ற ஹேண்டிகேப்) 21 இருப்பவருக்கு ஆட்டத்தில் கிடைப்பது 20. ஆப் முழு 21 கொடுத்தால் எங்கோ ஒரு புள்ளி கூடும். ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் வரிசையை (எந்த ஹோலில் சலுகை ஸ்ட்ரோக் முதலில் கிடைக்கும் என்ற வரிசையை) கிளப் மாற்றியமைத்து, ஆப்பில் பழைய வரிசையே இருந்தாலும் இதே மாதிரி ஆகும். கார்டைப் பக்கத்தில் வைத்துப் பதினெட்டையும் சரிபாருங்கள், பல ஆப்களில் நீங்களே திருத்தலாம்.

போட்டி என்றால் போட்டிக் கமிட்டி ஏற்கச் சொன்ன கார்டுதான் கணக்கு. ஆப்பில் 4 இருக்கிறது என்று கார்டில் 5-ஐ 4 ஆக்கிக் கையெழுத்துப் போட்டு, உண்மையில் 5 அடித்திருந்தால், தகுதிநீக்கம்தான்.

## ஆப் காட்டும் ஹேண்டிகேப்பும் கிளப் காட்டுவதும் வேறு வேறு

இதில்தான் நட்பு முறிகிறது, அதுவும் பந்தயம் வைத்து ஆடும் குழுக்களில். முதலில் ஒன்று: ஆப் தானாகப் போடும் எண் உங்களுக்கான மதிப்பீடு மட்டுமே. போட்டிக்குச் செல்லுபடியாவது உங்கள் கிளப் வழியாக வரும் அதிகாரபூர்வ ஹேண்டிகேப் இன்டெக்ஸ், இந்தியாவில் அதற்குப் பொறுப்பு இந்தியன் கோல்ஃப் யூனியன். இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் மூன்று நான்கு ஸ்ட்ரோக் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும்.

டீ. மிக எளிய காரணம், மிக அடிக்கடி வருவது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு மைதானத்தில் வெள்ளை டீக்குக் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கக்கூடிய ஸ்கோர்) 69.4, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்) 121. நீல டீக்கு 71.8, 128. நீங்கள் வெள்ளையிலிருந்து ஆடி 92 அடித்தீர்கள். ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் 21.1. ஆப்பில் நீலத்தைத் தொட்டிருந்தால் அதே 92-க்கு 17.8 வரும். ஒரு தொடுதலில் மூன்று ஸ்ட்ரோக்குக்கு மேல் சாமர்த்தியசாலி ஆகிவிட்டீர்கள். கடைசி இருபது ரவுண்டுகளையும் திறந்து எந்த டீ என்று பாருங்கள்.

ரேட்டிங்கே இல்லாமை. ஆப்பில் அந்த மைதானத்துக்கு ரேட்டிங், ஸ்லோப் இல்லாவிட்டால் சில ஆப்கள் பாரையும் (ஹோலுக்கோ மைதானத்துக்கோ நிர்ணயித்த அடி எண்ணிக்கையையும்) ஸ்லோப்பின் நிலையான மதிப்பான 113-ஐயும் வைத்துக் கணக்குப் போடும். கிளப் கார்டில் அச்சிட்டிருப்பதை எடுத்து உள்ளே போடுங்கள்.

பெரிய ஹோல்கள். ஒரு பார் 4-இல் பத்து அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்குக்குப் பத்து போகாது. பார், அதோடு இரண்டு, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக், இதுதான் உச்சம். ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கும் ஹோல் என்றால் ஏழு. ஆப் இந்த வெட்டைச் செய்கிறதா, அல்லது நீங்கள் கையால் மொத்தம் மட்டும் போட்டதால் செய்ய முடியாமல் போனதா என்று பாருங்கள்.

சேரக்கூடாத ரவுண்டுகள். தனியாக ஆடியது, முதல் டீயில் இரண்டாவது பந்து அடித்து நல்லதை எடுத்துக்கொண்டது, ஸ்க்ராம்பிள் (அணியாக, சிறந்த பந்திலிருந்தே அனைவரும் அடிப்பது) ஆடியது எல்லாம் ஆப்பில் ரவுண்டாக இருக்கும், கிளப் கணக்கில் இருக்காது. அவற்றை ஹேண்டிகேப்பிலிருந்து விலக்கிக் குறியுங்கள்.

### நன்றாக ஆடியும் ஹேண்டிகேப் ஏறிவிட்டது

கோளாறு இல்லை. கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரிதான் இன்டெக்ஸ். புது ரவுண்டு உள்ளே வந்தால் பழைய இருபதாவது வெளியே போகும். அப்படிப் போனது உங்களுடைய சிறந்த எட்டில் ஒன்றாக இருந்து, புதியது அந்த அளவுக்கு நன்றாக இல்லையென்றால் எண் ஏறத்தான் செய்யும்.

### ஆப்பில் ஏறிக்கொண்டே போகிறது, கிளப்பில் ஏற மறுக்கிறது

கடந்த 365 நாட்களில் உங்களுடைய மிகக் குறைந்த இன்டெக்ஸைவிட 3.0-க்கு மேல் ஏறினால், அதற்கு மேற்பட்டதில் பாதிதான் சேரும். 5.0-க்கு மேல் ஏறவே விடாது. எல்லா ஆப்பும் இந்தத் தடையைப் பார்ப்பதில்லை.

### மூன்றே ரவுண்டு ஆடியவருக்கு நம்ப முடியாத அளவு குறைவு

புது ஆட்களுக்கு மூன்று ரவுண்டு இருந்தால் மிகச் சிறந்ததை எடுத்து அதிலிருந்து இன்னும் இரண்டைக் கழிப்பார்கள். ரவுண்டு சேரச் சேர நிதானத்துக்கு வரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கணக்கு உதைக்கிறதென்றால், ரவுண்டு பட்டியலை எடுத்துக்கொண்டு கிளப்பின் கோல்ஃப் அலுவலகத்துக்குப் போங்கள். ஹேண்டிகேப் கமிட்டிதான் கார்டுகளைப் பார்த்துத் திருத்த முடியும். ஆப் நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினால் "உங்கள் கிளப்பை அணுகவும்" என்றே பதில் வரும், அது நியாயமும்கூட.

## பணம் கட்டியும் வசதிகள் பூட்டியே இருக்கின்றன

வேறு ஜிமெயிலில் கட்டியிருப்பீர்கள். ப்ளே ஸ்டோரில் ஒரு கணக்கு, ஆப்புக்குள் இன்னொரு கணக்கு. ப்ளே ஸ்டோரில் கணக்கை மாற்றி மாற்றிச் சந்தா எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆப்பில் ‘ரீஸ்டோர் பர்ச்சேஸ்’ கொடுங்கள். இரண்டாவது முறை கட்டிவிடாதீர்கள். இலவச வாரம் முடிவதற்குள் வேண்டாம் என்று முடிவு செய்தால் சந்தாவை ஸ்டோரில் ரத்து செய்ய வேண்டும், ஆப்பை அழித்தால் மட்டும் ரத்து ஆகாது. பணம் எடுப்பது தொடரும்.

## முடித்த ரவுண்டையே காணோம்

எதையும் செய்வதற்கு முன்: ஆப்பை அழித்து மறுபடி போடாதீர்கள். ‘கிளியர் டேட்டா’வையும் தொடாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் முடிந்த ரவுண்டு பெரும்பாலும் போனுக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். ‘கிளியர் கேச்’ பொதுவாக ஆபத்தில்லாதது, ஆனால் பக்கத்திலேயே இருக்கும் மற்றதில் விரல் பட்டுவிடும், அதனால் இரண்டையுமே கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

நல்ல வைஃபையில் ஆப்பைத் திறந்து சில நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு முடிக்காத ரவுண்டுகள் என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள், பதினெட்டாவது கிரீனில் கைகுலுக்கிவிட்டு ‘முடி’ என்ற பொத்தானைத் தொட மறந்திருந்தால் அங்கேதான் கிடக்கும். வாட்ச்சில் ஆடியிருந்தால் வாட்ச்சிலிருந்து போனுக்கு இன்னும் வராமல் இருக்கலாம், இரண்டையும் பக்கத்தில் வைத்து ப்ளூடூத்தை அணைத்துப் போடுங்கள். அதன்பின் எந்தக் கணக்கில் உள்ளே இருக்கிறீர்கள் என்று பாருங்கள், புதுப் போனுக்கு மாறியவர்கள் ஆப்பிள் வழியாக நுழைந்ததா, கூகுள் வழியாகவா, மின்னஞ்சல் போட்டா என்று மறந்துபோய் புதிதாக ஒரு வெற்றுக் கணக்கைத் தொடங்கிவிட்டு ரவுண்டெல்லாம் போய்விட்டதே என்று பதறுவார்கள்.

இவை எதிலும் இல்லையென்றால் ஆப்பின் உதவி மையத்துக்குத் தேதி, மைதானம், தொடங்கிய நேரம், போன் மாடல் நான்கையும் எழுதி அனுப்புங்கள். அவர்களுடைய சர்வரில் இருந்தால் எடுத்துத் தருவார்கள். பதில் வரும்வரை அந்த ஆப்பில் புது ரவுண்டு தொடங்க வேண்டாம். காகிதக் கார்டு கையில் இருந்தால் ஸ்கோரைக் கையால் போட்டுவிடலாம், ஷாட் விவரம்தான் போகும், ஹேண்டிகேப்புக்கு ஸ்கோரே போதும்.